‘ரேடார் கிளியர்’ என்று குழுவில் போடுபவர்களுக்கு

அன்புள்ள பயண ஒருங்கிணைப்பாளர்களே,

வணக்கம். ஜூலை நான்கு, லேபர் டே என்று நீண்ட வாரயிறுதி வந்தால் பத்துப் பதினைந்து தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு அரிசோனாவிலும் யூட்டாவிலும் இருக்கிற ஒடுங்கிய பிளவுப் பள்ளத்தாக்குகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் நீங்கள். வேன் வாடகை, விடுதி முன்பதிவு, யார் சைவம், எந்தக் குழந்தைக்குக் கடலை ஆகாது என்பது வரை எல்லாம் உங்கள் தலையில்தான். அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த மடல் அதில் ஒரேயொரு வரியைப் பற்றியது. கிளம்புகிற அன்று காலையில் யாராவது ஒருவர் வானிலைச் செயலியின் படத்தை வாட்ஸப் குழுவில் போட்டு, “ரேடார் கிளியர், போலாம்”, அதாவது ரேடாரில் மழை எதுவும் தெரியவில்லை, என்று எழுதுகிறார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுகின்றன. அந்த வரியை இனி யாரும் எழுத வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரிசோனாவில் நீரியல் பொறியாளன். ரேடார் தருகிற மழை மதிப்பீட்டை எடுத்து, அது எந்த ஓடையில் எவ்வளவு தண்ணீராக வந்து சேரும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. ஆகவே ரேடாரை மட்டம் தட்டப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். பாலைவனத்துத் திடீர் வெள்ளத்தைக் கொஞ்சமாவது முன்கூட்டிச் சொல்ல அதைவிட நல்ல கருவி இல்லை. அங்கே மழைமானிகள் மிகவும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அமெரிக்காவின் வழக்கமான மழைமானியின் வாய் 20 செ.மீ. அகலம். கோடையில் மதியத்துக்கு மேல் எழும்புகிற இடிமழையோ பல நேரம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். இரண்டு மானிகளுக்கு நடுவே ஒரு பெருமழை கொட்டி ஓய்ந்துவிடும், எந்த மானியிலும் ஒரு சொட்டுகூடப் பதிவாகாது. அந்த மழையைப் பார்க்கக் கூடியது ரேடார்தான். என் சண்டை ரேடாரோடு இல்லை. அதன் படத்தை நுழைவுச் சீட்டு மாதிரிப் பயன்படுத்தும் பழக்கத்தோடுதான்.

1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி நடந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அரிசோனாவின் பேஜ் ஊரை ஒட்டிய கீழ் ஆன்டிலோப் கேன்யன் என்ற பிளவுப் பள்ளத்தாக்குக்குள் பன்னிரண்டு பேர் வெள்ளத்தில் மாட்டினார்கள். பதினோரு பேர் இறந்தார்கள், வழிகாட்டி ஒருவர் மட்டும் பிழைத்தார். இறந்தவர்களில் பிரான்ஸ், பிரிட்டன், ஸ்வீடன் நாட்டுப் பயணிகளும் இருந்தார்கள். கேன்யன் இருந்த இடத்தில் அன்று மழை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சுமார் 11 கி.மீ. மேலே, அந்த ஓடைக்குத் தண்ணீர் சேர்க்கும் பரப்பில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கொட்டியிருந்தது. அப்போது இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. இன்றைக்கு அங்கே பாறையில் முடுக்கிய இரும்பு ஏணிகள் இருக்கின்றன, வானிலை வானொலி இருக்கிறது, நுழைவுச் சாவடியில் அபாய ஒலிப்பான் இருக்கிறது, நாவஹோ பழங்குடி வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது. ஆனால் பக்ஸ்கின் கல்ச் என்ற நீண்ட பிளவுக்கோ, எஸ்கலான்டே பக்கத்துச் சின்னச் சின்னப் பிளவுகளுக்கோ நீங்களாகவே குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒலிப்பானும் கிடையாது, வழிகாட்டியும் கிடையாது. இருப்பது உங்கள் கைப்பேசிப் படம் ஒன்றுதான்.

அன்று காலையில் அந்த இடத்தின் மேல் ஒருவர் ரேடார் படம் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? காலையில் அந்த மேகமே இருந்திருக்காது. அங்கேயும் மான்சூன்தான். ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை என்று அமெரிக்க வானிலைச் சேவை அதற்குத் தேதியே குறித்து வைத்திருக்கிறது. தெற்கிலிருந்து ஈரக்காற்று வரும், வெயில் பாறையைச் சுடும், மதியம் தாண்டி மேகம் குவியும், ஒரு மணி நேரத்துக்குள் வெறும் நீலவானம் இடிமழையாக மாறிவிடும். காலை எட்டு மணிக்கு ரேடாரில் ஒன்றுமில்லை என்பது அந்தப் பருவத்தில் ஒரு செய்தியே இல்லை. வெள்ளம் வந்த நாட்களிலும் பல நேரம் காலையில் அப்படித்தான் இருந்திருக்கும்.

சரி, உள்ளே இறங்குவதற்குச் சற்று முன்புதான் பார்த்தோம், அப்போதும் எங்கள் தலைக்கு மேல் ஒன்றுமில்லை என்பீர்கள். தலைக்கு மேல் இருப்பதைப் பற்றி யார் கேட்டார்கள்? குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையில் மழை என்றால் கீழே அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் போலீஸ் ஆளை வெளியேற்றிவிடும். அதே ஆள் அரிசோனாவுக்கு வந்ததும் நீலப்புள்ளியாகத் தெரியும் தன் இருப்பிடத்தைச் சுற்றி மட்டும் நிறம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பார்க்க வேண்டியது அந்தப் பிளவுக்கு மேலே விரிந்திருக்கிற நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுவதையும். அது எங்கே தொடங்குகிறது என்பது தரையில் நின்று பார்த்தால் தெரியாது. ஸயான் தேசியப் பூங்காவின் நேரோஸ் என்ற ஒடுக்கத்தில் நீங்கள் நடப்பது வர்ஜின் ஆற்றின் வடக்குக் கிளையில். அதன் தண்ணீர் பூங்காவுக்கு வெளியே வடக்கில் இருக்கிற உயர்ந்த மேட்டுநிலத்திலிருந்து வருகிறது. பரியா ஆற்றுக்குப் பிரைஸ் கேன்யனின் பாறைச் சரிவுகளிலிருந்தே தண்ணீர் இறங்குகிறது. காலையில் பிரைஸில் படம் எடுத்துவிட்டு மறுநாள் பரியாவில் நடப்பவர்கள் இரண்டும் ஒரே ஆற்றின் கதை என்று நினைப்பதில்லை.

அந்த நிலத்தில் மழை எப்படித் தண்ணீராகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர் வயலில் 20 மி.மீ. மழை என்றால் மண் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். வழுக்கைப் பாறையாகக் கிடக்கிற நிலத்தில் அது பெரும்பாலும் ஓடத்தான் செய்யும். 25 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் 20 மி.மீ. பெய்து அதில் பாதி ஓடினால்கூட இரண்டரை லட்சம் கனமீட்டர் தண்ணீர். அவ்வளவும் இரண்டு கையை நீட்டினால் இரு சுவரையும் தொடக்கூடிய ஒரு சந்துக்குள் வர வேண்டும். நாள் முழுக்க எவ்வளவு பெய்தது என்ற கணக்கு அங்கே உதவாது. பதினைந்து நிமிடத்தில் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இப்போது ரேடாருக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் படத்தில் இருக்கிற அந்த மஞ்சளும் சிவப்பும் என்ன என்பது தெரியாமல்தான் அதை நம்புகிறோம்.

ரேடார் மழையை அளப்பதில்லை. பத்து செ.மீ. அலைநீளத்தில் ஒரு ரேடியோ அலைத் துடிப்பை அனுப்பி, வானத்தில் இருக்கிற துளிகள் எவ்வளவு எதிரொலிக்கின்றன என்று கேட்கிறது, அவ்வளவுதான். அந்தக் கதிர் கிட்டத்தட்ட நேராகப் போகும். பூமி அதற்குக் கீழே வளைந்து இறங்கிக்கொண்டே போகும். அதனால் தொலைவு கூடக் கூட ரேடார் பார்ப்பது மேலும் மேலும் உயரத்தில் இருப்பதைத்தான். தெற்கு யூட்டாவுக்கு முக்கியமான ரேடார் சிடார் சிட்டி அருகே ப்ளோஹார்ட் மலையில் இருக்கிறது. சுமார் 3,200 மீட்டர் உயரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு: கீழே வைத்தால் சுற்றியிருக்கிற மலைகள் மறைத்துவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. பேஜ் ஊர் அங்கிருந்து ஏறக்குறைய 145 கி.மீ. அரைப் பாகைச் சாய்வில் கதிரை அனுப்பினால் பேஜை எட்டும்போது அதன் நடுப்பகுதி ரேடாரை விட இரண்டரை கி.மீ. உயரத்தில் இருக்கும். தரையிலிருந்து கணக்குப் போட்டால் நாலு கி.மீ.க்கும் மேல். ஃப்ளாக்ஸ்டாஃப் பக்கத்து ரேடாரோ பேஜிலிருந்து 260 கி.மீ. தள்ளி. வெறும் 40 கி.மீ.யில் இருக்கிற ஸயானுக்கே, பள்ளத்தாக்கின் அடியிலிருந்து பார்த்தால், கதிர் இரண்டு கி.மீ.க்கு மேல்தான் போகிறது. போதாதற்குக் கதிர் போகப் போக அகலமாகும், 145 கி.மீ.யில் அதன் குறுக்களவு இரண்டரை கி.மீ.க்குப் பக்கம். அவ்வளவு பெரிய கனத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தருகிறது.

அந்த உயரத்துக்கும் தரைக்கும் நடுவே என்னென்னவோ நடக்கும். பாலைவனத்தில் மேகத்தின் அடித்தளமே மிக உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே காற்று எலும்பு வரை காய்ந்திருக்கும். துளிகள் விழுகிற வழியிலேயே ஆவியாகிவிடும். மேகத்திலிருந்து நரைத்த கற்றை தொங்கும், தரையைத் தொடாது. ரேடாரில் பச்சை, தரையில் தூசி. இன்னொரு நாள் நேர்மாறு: மழை தாழ்ந்த உயரத்திலேயே உருவாகிக் கொட்டும், கதிர் அதன் தலைக்கு மேலே கடந்துபோய்விடும், படம் வெளிறிக் கிடக்கும். இந்த இரண்டில் எது நடக்கிறது என்பதைச் செயலியின் நிறம் சொல்லாது.

அப்புறம் எதிரொலியை மழையாக மாற்றும் கணக்கு. எதிரொலி துளியின் விட்டத்தின் ஆறாவது அடுக்கோடு போகிறது. 4 மி.மீ. துளி ஒன்று 1 மி.மீ. துளிகள் 4,096 சேர்ந்தால் வருகிற எதிரொலியைத் தரும். ஆனால் அதில் இருக்கும் தண்ணீர் 64 துளிகள் அளவுதான். ஆக, ஒரே எதிரொலி சில பெரிய துளிகளிலிருந்தும் வரலாம், ஏராளமான சின்னத் துளிகளிலிருந்தும் வரலாம். இரண்டுக்கும் மழையின் அளவு வேறு. ஆய்வாளர்கள் இதற்காகச் சில சூத்திரங்கள் வைத்திருக்கிறார்கள். 50 டிபிஸட் (எதிரொலியின் வலுவைச் சொல்லும் அலகு) என்று ஒரு எதிரொலி வந்தால், இடிமழைக்கான வழக்கமான சூத்திரம் மணிக்கு ஏறத்தாழ 63 மி.மீ. என்னும், வெப்பமண்டல மழைக்கான சூத்திரம் 147 மி.மீ. என்னும். படத்தில் இரண்டுக்கும் ஒரே நிறம். மான்சூன் காலத்தில் தெற்கிலிருந்து வரும் ஈரம் கூடின நாட்களில் எந்தச் சூத்திரம் பொருந்தும் என்பது வானிலையாளர் உட்கார்ந்து யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. நடுவில் ஆலங்கட்டி இருந்தால் எதிரொலி தாறுமாறாக ஏறிவிடும். அதனால் மதிப்பீட்டுக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பு ஆலங்கட்டி நாளில் காப்பாற்றும், நிஜமாகவே கொட்டுகிற நாளில் குறைத்துச் சொல்லிவிடும்.

2013-க்குள் அமெரிக்க ரேடார்கள் எல்லாம் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் இரண்டு வகை அலை அனுப்பும்படி மேம்படுத்தப்பட்டன. இதனால் துளியின் வடிவம் தெரிகிறது, ஆலங்கட்டியையும் மழையையும் பிரிக்க முடிகிறது. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. பல ரேடார்களையும் மழைமானிகளையும் செயற்கைக்கோள்களையும் கோத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மழை மதிப்பீடு தருகிற முறையும் வந்துவிட்டது. ஆனாலும் கதிர் நாலு கி.மீ. உயரத்தில் போகிற இடத்தில் எந்தக் கணிதமும் தரையைப் பார்த்துவிடாது.

இவ்வளவையும் தெரிந்தவர்கள் வானிலைச் சேவையின் அலுவலகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்வது நாம் செயலியில் பார்ப்பது போன்ற வேலை இல்லை. நிலத்தைச் சின்னச் சின்ன நீர்ப்பிடிப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடந்த அரைமணி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மழை சேர்ந்தது என்று ரேடார் மதிப்பீட்டை ஓடவிட்டு, அந்த நிலம் எவ்வளவு தாங்கும் என்பதோடு ஒப்பிடுகிறார்கள். வழுக்கைப் பாறைக்கு ஒரு வரம்பு, சமீபத்தில் காடு எரிந்த சரிவுக்கு அதைவிட மிகக் குறைந்த வரம்பு. பூங்கா ரேஞ்சரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அப்புறம்தான் எச்சரிக்கை போகிறது. அவர்கள் வேலையைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்த எச்சரிக்கை உங்களை வந்து சேராது என்பதுதான் என் கவலை.

2017 ஜூலை 15. அரிசோனாவின் பேசன் ஊருக்கு வடக்கே டோன்டோ தேசிய வனத்தில் கோல்டு ஸ்பிரிங்ஸ் என்ற நீச்சல் மடு. பாலைவனத்தின் விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், பைன் மரங்கள் இருக்கும். பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு பெரிய குடும்பம், பதினான்கு பேர், தண்ணீரில் இருந்தார்கள். மேலே சுமார் 13 கி.மீ. தூரத்தில், அதற்கு முந்தைய மாதம்தான் தீயில் கருகிய சரிவில், ஒரு மணி நேரத்தில் 38 மி.மீ. வரை கொட்டியது. சாம்பலும் மரக்கட்டைகளும் சேர்ந்த கறுப்புச் சேறு இறங்கி வந்தது. பத்துப் பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. ரேடார் அந்த மழையைப் பார்த்தது. வானிலைச் சேவை திடீர் வெள்ள எச்சரிக்கையை வெள்ளம் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே கொடுத்துவிட்டது. அந்த மடுவில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. ரேடார், மதிப்பீடு, வரம்பு, எச்சரிக்கை என்று சங்கிலியின் எல்லாக் கண்ணியும் சரியாக வேலை செய்தும் கடைசி நூறு மீட்டரில் அறுந்துபோன கதை இது. நம் குழுக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவர்களும் நம்மைப் போலவே பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து வந்தவர்கள்.

கைப்பேசியில் சிக்னல் இருக்கிற இடத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. கைப்பேசி அலறுமே, அந்த அவசர எச்சரிக்கை, 2020 முதல் எல்லாத் திடீர் வெள்ள எச்சரிக்கைக்கும் வருவதில்லை. சேதம் கணிசமாக இருக்கும் அல்லது பேரழிவாக இருக்கும் என்று வானிலையாளர் குறித்திருந்தால்தான் வரும். அடிக்கடி அலறினால் மக்கள் அணைத்துவிடுகிறார்கள் என்பதால் செய்த மாற்றம் அது. நகரத்துக்கு அது சரியான முடிவுதான் என்று நினைக்கிறேன். ஆனால் நகரத்தில் சாலையோரம் தேங்கிப் போகிற அளவு தண்ணீர் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கில் ஆளைக் கொல்லப் போதும். கைப்பேசி அலறவில்லை என்பதால் எச்சரிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். செயற்கைக்கோள் வழிச் செய்திக்கருவி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் குழுக்களுக்கும் ஒன்று: அதற்கு வானம் தெரிய வேண்டும். பக்ஸ்கினின் அடியில் நின்று மேலே பார்த்தால் தெரிகிற வானம் ஒரு நாடா அகலம்தான்.

2015 செப்டம்பர் 14-ஐச் சொல்லாமல் விட முடியாது. ஸயான் பூங்காவின் கீஹோல் கேன்யனில் கலிஃபோர்னியாவிலிருந்தும் நெவாடாவிலிருந்தும் வந்த ஏழு பேர் இறந்தார்கள். அன்று காலை அனுமதி வாங்கியபோதே திடீர் வெள்ளத்துக்கான வாய்ப்பு ‘ப்ராபபிள்’, அதாவது வரத்தான் வாய்ப்பு அதிகம், என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. பிற்பகலில் ரேடாரைப் பார்த்து முறையான எச்சரிக்கை வந்தபோது பூங்கா கேன்யன்களை மூடியது. அவர்களுக்குத் தெரிவிக்க வழி இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் பெய்தது வெறும் 16 மி.மீ. வர்ஜின் ஆற்றின் வடக்குக் கிளை பதினைந்தே நிமிடத்தில் நொடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடிக்கு ஏறியது. மேட்டூர் அணைச் செய்தியில் வருகிற அதே கன அடிதான். மேட்டூருக்கு இந்த எண் ஒன்றுமில்லை, முழங்கால் அளவுத் தண்ணீரில் குழந்தையைத் தோளில் வைத்து நடக்கிறவருக்கு இதுதான் எல்லாம். அதே நாள், அதே மழைக்கூட்டம், சற்றுத் தெற்கே ஹில்டேல் ஊரில் இரண்டு வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்த பதினாறு பேரில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். எல்லாரும் பெண்களும் குழந்தைகளும்.

இந்த நிகழ்வுகளையெல்லாம் படித்துவிட்டு நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான். ரேடார் மதிப்பீடு வெளியே இருப்பவருக்கான எச்சரிக்கைக் கருவி. பாதையை மூடவும், பாலத்தை அடைக்கவும், ரேஞ்சரை வாசலில் நிறுத்தவும் அது உதவும். உள்ளே இறங்கிவிட்டவருக்கு அது உதவாது. ஆகவே உங்கள் முடிவு ரேடாருக்கு முன்னால், இறங்குவதற்கு முன்னால் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு கருவி இருக்கிறது, படம் இல்லாததால் யாரும் குழுவில் போடுவதில்லை. தெற்கு யூட்டாவின் தேசியப் பூங்காக்களுக்கு வானிலைச் சேவை நாள்தோறும் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் வெளியிடுகிறது: நாட் எக்ஸ்பெக்டட் (எதிர்பார்க்கவில்லை), பாஸிபிள் (வரலாம்), ப்ராபபிள் (வரத்தான் வாய்ப்பு அதிகம்), எக்ஸ்பெக்டட் (வரும் என்று எதிர்பார்க்கிறோம்). இது காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, மேகம் நகருமா, ஒரே இடத்தில் நிற்குமா என்பதையெல்லாம் பார்த்துச் சொல்வது. இன்னும் பிறக்காத மேகத்தைப் பற்றியது. குழந்தைகளோடு போகிற குழுவுக்கு என் ஆலோசனை கடுமையானது. ‘பாஸிபிள்’ என்று வந்தாலே பிளவுக்குள் இறங்காதீர்கள். கயிறு கட்டி இறங்குகிற அனுபவசாலிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்கள் எட்டு வயதுப் பிள்ளையோடு போவதில்லை. ‘நாட் எக்ஸ்பெக்டட்’ என்றால்கூட மதியத்துக்குள் வெளியே வந்துவிடும்படி திட்டமிடுங்கள். நம் குழுக்கள் பத்து மணிக்கு முன் விடுதியை விட்டுக் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். மான்சூன் மாதங்களில் மட்டுமாவது அதை மாற்றப் பாருங்கள்.

“போன முறையும் எச்சரிக்கை கொடுத்தார்கள், ஒன்றுமே வரவில்லை” என்று ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் நின்ற ஓடையில் வரவில்லை, சரி. எச்சரிக்கை போவது ஒரு பரப்புக்கு, அதற்குள் நூறு ஓடைகள் இருக்கும். அடுத்த ஓடையில் வந்திருக்கலாம். ஆள் நடமாட்டம் இல்லாத நிலத்தில் வந்துபோன வெள்ளத்தை யாரும் பார்ப்பதில்லை, பதிவும் ஆவதில்லை. அந்த எச்சரிக்கையும் வீண் எச்சரிக்கைக் கணக்கில் ஏறிவிடுகிறது. ரேடார் அதிகமாகச் சொன்ன நாட்களும் உண்டு, மேலே சொன்ன காரணங்களால். இரண்டையும் பிரித்துப் பார்க்க உங்களுக்கும் வழியில்லை, எனக்கும் பல நேரம் வழியில்லை.

நாவஹோ வழிகாட்டிகளும் ரேடார்தானே பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். பார்க்கிறார்கள். ஆனால் தங்கள் கேன்யனுக்கு மேலே உள்ள நிலத்தை அவர்களுக்குத் தெரியும், அங்கே நிறம் வந்தாலே ஆளை வெளியே கொண்டுவருவார்கள். அப்படி அவர்கள் சுற்றுலாவை ரத்து செய்கிற நாளில் சாவடியில் நின்று, “வெயில் அடிக்குதே, ஏன் போகக் கூடாது” என்று வாதாடுகிறவர்களில் நம்மவர்கள் குறைவில்லை. டிக்கெட் விலை கொஞ்சமல்ல, புரிகிறது. இருந்தாலும் அந்த வாதத்தை உங்கள் குழுவில் யார் தொடங்கினாலும் ஒருங்கிணைப்பாளராக நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

வண்டியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அமெரிக்காவில் வெள்ளத்தில் மூழ்கிச் சாகிறவர்களில் பாதிக்கு மேல் வண்டிக்குள் இருந்தவர்கள். வாஷ் என்று அவர்கள் சொல்கிற வறண்ட ஓடைகளைப் பல சாலைகள் பாலமில்லாமல் குறுக்கே கடக்கின்றன. ஓடுகிற தண்ணீர் 30 செ.மீ. இருந்தால் சின்னக் கார் மிதக்கும், 60 செ.மீ. இருந்தால் பெரும்பாலான வண்டிகளை இழுத்துக்கொண்டு போகும். வாடகைக்கு எடுத்த பெரிய வேனும் இதில் சேர்த்திதான். தடுப்பைச் சுற்றி ஓட்டிக்கொண்டு போய் மாட்டினால் மீட்புச் செலவை ஓட்டினவரிடமே வசூலிக்க அரிசோனாவில் 1995 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ‘முட்டாள் ஓட்டுநர் சட்டம்’ என்றுதான் ஊரில் அதற்குப் பேர். பக்ஸ்கினுக்குள் இறங்கும் வழியான வயர் பாஸுக்குப் போகிற ஹவுஸ் ராக் மண்சாலை மழையில் சேறாகிவிடும். வெள்ளமே வராவிட்டாலும் இரவு அங்கேதான்.

ஆகவே லேபர் டே பயணக் குறிப்பைத் தயாரிக்கும்போது இதைச் செய்யுங்கள். எந்தப் பிளவுக்குப் போகிறீர்களோ அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பை வரைந்து குழுவில் போடுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஸ்ட்ரீம்ஸ்டாட்ஸ் தளத்தில் ஓடையின் மேல் ஒரு புள்ளி வைத்தால் மேலேயுள்ள பரப்பு முழுவதையும் அதுவே வரைந்து கொடுக்கும், காசு கிடையாது. அதில் சமீபத்தில் எரிந்த காடு இருக்கிறதா என்று பாருங்கள். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் வானிலைச் சேவை சொன்ன நான்கு படிகளில் எது என்பதை எழுத்தில் போடுங்கள். யார் ரத்து செய்வது என்பதை முன்பே ஒருவரிடம் ஒப்படையுங்கள். விடுதிப் பணத்தைக் கையிலிருந்து கட்டியவராக அவர் இருக்க வேண்டாம். ரத்தானால் எங்கே போவது என்பதும் குறிப்பில் இருக்கட்டும். ஹார்ஸ்ஷூ பெண்டும் பிரைஸின் மேல்விளிம்பும் இடி இல்லாத நேரத்தில் நன்றாகவே இருக்கும். முன்பணம் திரும்பாது என்பதையும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், அன்றைய தினம் அதைப் பற்றிய பேச்சே எழாது.

நீர்ப்பிடிப்பு வரைபடம் போடுவது சிரமமாக இருந்தால், ஆகஸ்ட் மாதம் ஏதாவது ஒரு ஞாயிறு மாலை ஜூமில் சேர்ந்து செய்து காட்டுகிறேன். எந்தெந்தக் கேன்யன் என்ற பட்டியலை மட்டும் முன்கூட்டியே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
அரிசோனாவிலிருந்து ஒரு நீரியல் பொறியாளன்